ஜீப்பு திரும்புவதற்குள் ஒரு பக்கம்

போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துப் பிள்ளைகள் பலர் காலையில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில், பிள்ளை கண் விழிப்பதற்குள் அம்மா போடிமெட்டைத் தாண்டியிருப்பார். இருட்டோடு எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் கொஞ்சம், பிள்ளைக்குக் கொஞ்சம் என்று பிரித்து வைத்து, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளத்து ஏலத்தோட்டங்கள். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இப்படித் தினமும் மலையேறும் ஜீப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை இறங்கி வரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

மேலே போன ஜீப்பு திரும்பி வருவதற்குள், கீழே இருக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக வேண்டும். வாசிக்க வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பாடநூலைப் பேசுகிறோம், திட்டத்தைப் பேசுகிறோம், வாத்தியாரைக் குறை சொல்கிறோம். அந்தப் பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

எனக்குச் சொந்தக்கார வீடு ஒன்று அந்தப் பக்கம் உண்டு. மூன்றாம் வகுப்புப் பையன். சாயங்காலம் திண்ணையில் அவன் அப்பத்தா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை எடுத்து வாடா என்றேன். விரித்து மளமளவென்று ஒப்பித்தான். விரல் ஒரு வரியில் நின்றது, வாய் மூன்று வரி தாண்டிப் போயிருந்தது. அப்பத்தாவுக்குப் பெருமை. நான் பக்கத்தைப் புரட்டி, இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு சொல்லைக் காட்டினேன். 'காடு'. விரலை வைத்து, "கர... டு" என்றான்.

பிள்ளை தப்பாகப் படிக்கவில்லை. துணைக்காலும் ரகரமும் அச்சில் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று நாம் மறந்துபோயிருக்கிறோம், அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக வாசிக்கிற கண்ணுக்குச் சொல் முழுசாகத் தெரிகிறது. ஏழு வயதுக் கண் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டு போகிறது.

அடுத்து 'கொய்யா'. அங்கேயும் நின்றான். தமிழ் இடமிருந்து வலமாக எழுதும் மொழி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, முதலில் ஒரு கொம்பை நிறுத்துகிறோம். அந்தக் கொம்புக்குத் தனியாக ஓசை கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு ககரத்துக்குப் போக வேண்டும், பிறகு துணைக்காலைப் பார்க்க வேண்டும், மூன்றையும் சேர்த்துப் பின்னோக்கி வந்து 'கொ' என்று ஒரே ஓசையாக உச்சரிக்க வேண்டும். துணைக்காலைப் பார்க்காமல் விட்டால் 'கெ' ஆகிவிடும். கொம்பு இரட்டையாக இருந்தால் 'கோ'. உகரம் இதைவிடப் படுத்தும். கு, சு, டு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து வால் வேறு பக்கம் வளைகிறது. ஒன்றைப் படித்தவன் இன்னொன்றை ஊகிக்க முடியாது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த 216இல் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். நாற்பது பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும்போது அந்த 'கர'வும் 'கெ'யும் சத்தத்துக்குள் அமுங்கிப்போகும்.

எங்கள் காலத்தில் வாசிப்பில் இடறினால் கையில் பிரம்படி. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று பெற்றவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். 'வாழைப்பழம்' என்று அச்சிட்டிருந்ததை நான் 'வாளப்பளம்' என்று வாசித்ததற்காக ஒரு பிற்பகல் முழுக்க பெஞ்சின்மேல் நின்றிருக்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். எழுத்து எனக்குத் தெரிந்திருந்தது, பொருள் தெரிந்திருந்தது, பழத்தின் ருசிகூடத் தெரியும். நாக்கு மட்டும் எங்கள் ஊர் நாக்கு. உச்சரிப்பு வேறு, வாசிப்பு வேறு. அந்த வேறுபாட்டை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்திருக்க மாட்டேன்.

ஏலம் என்ற முதல் சொல்

அகரவரிசையில் தொடங்கி, அம்மா, ஆடு, இலை, ஈ என்று போவது பழைய முறை. எழுத்தின் வரிசை இலக்கணத்துக்கு வசதி. கைக்கு வசதி வேறு. அகரத்தைச் சுழித்து எழுத ஐந்து வயது விரல் படும் பாடு கொஞ்சமல்ல. டகரம் இரண்டு கோடு, பகரம் மூன்று கோடு. அதனால்தான் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளை முதலில் கொடுத்து, படம், மடம், பட்டம் என்று உடனே சொல்லாக்கிக் காட்டும் முறை வந்தது. நாலு எழுத்து தெரிந்த அன்றே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. அந்த ருசி நாக்கில் பட்டுவிட்டால் மீதியைத் தேடி அதுவே வரும்.

இதே முறையில் போடிப் பிள்ளைக்கென்று ஒரு சொல் காத்திருக்கிறது. ஏலம். மூன்றே எழுத்து, கொம்பும் இல்லை, காலும் இல்லை, விலங்கும் இல்லை. அம்மா தினமும் போகும் இடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அவர் சேலையின் வாசனை அதில் இருக்கிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் நடப்பதும் ஏலம்தான்: ஏலக்காய் ஏலம். ஒரே எழுத்துகள், இரண்டு பொருள். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு சொல் இலவம். போடி இலவம்பஞ்சுத் தலையணையில் படுக்காத பிள்ளை இங்கே யார்? அதிலும் ஒரு விலங்கு, ஒரு கொம்பு கிடையாது. ஒரு மாநிலம் முழுமைக்கும் அச்சிடும் புத்தகத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. கரும்பலகை ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

'மலை' என்ற சொல்லிலும் ஒரு கதை உண்டு. அந்தப் பையனின் அப்பத்தா இரண்டாம் வகுப்புவரை போனவர். தரையில் கரித்துண்டால் மலை என்று எழுதிக் காட்டினார். லகரத்தின் முன்னால் யானை துதிக்கையைத் தூக்கியதுபோல ஒரு வளைவு. "இது என்ன எழுத்து அப்பத்தா?" என்று பேரன் கேட்டான். அது பழைய 'லை'. பெரியார் 1935இலேயே தம் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கையை இழந்தன. ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகார உறவுகளும் சுழித்த கொக்கியை இழந்தன. மொத்தம் 13 எழுத்துகள். பெரியவர்கள் பலருக்கு அது பெரிய விவாதம். எழுதப் பழகும் பிள்ளைக்கு, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய 13 வடிவங்கள் குறைந்தன. தமிழில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய உதவிகளில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

அரிக்கொம்பன் சொல்லிக்கொடுத்த கொம்பு

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, தம் அனுபவத்தை 1963இல் 'டீச்சர்' என்ற நூலாக வெளியிட்டார். அவர் தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்பார். பிள்ளை சொன்னதைக் கெட்டி அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். மறுநாள் அந்த அட்டையைப் பார்த்ததும் பிள்ளை அடையாளம் கண்டால் அந்தச் சொல் அதற்குச் சொந்தம். தெரியாவிட்டால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பிள்ளையைத் திட்டமாட்டார், சொல்தான் சரியில்லை என்பார். பயமும் பாசமும் ஒட்டியிருக்கும் சொற்களை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் கண்டது.

இதை நம் மலையடிவாரத்தில் நடத்திப் பார்த்தால் என்ன சொற்கள் வரும்? 2023இல் கேட்டிருந்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கும். பூப்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற ஆண்யானை அரிக்கொம்பன். கேரள வனத்துறை அதைப் பிடித்து ஏப்ரல் கடைசியில் பெரியாறு காட்டில் விட்டது. மே 27ஆம் தேதி அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5இல் தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும்வரை தேனி மாவட்டத்தில் வேறு பேச்சே இல்லை. அதே சின்னக்கானல் பக்கம்தான் பல பிள்ளைகளின் அம்மாக்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திண்ணைப் பையனிடம் திரும்பினேன். 'கொய்யா'வில் நின்றவனுக்கு ஒரு தாளில் 'அரிக்கொம்பன்' என்று எழுதிக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் கத்தினான். "எப்படிடா தெரிஞ்சுச்சு?" என்றதற்கு, "கொம்பு இருக்குல்ல" என்று ஒற்றைக் கொம்பின்மேல் விரலை வைத்தான். யானைக்கு இருக்கும் கொம்பும் எழுத்துக்கு இருக்கும் கொம்பும் அவனுக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டன. அதன் கீழே 'கொய்யா', 'கொடி', 'கொக்கு' எழுதினேன். மூன்றும் வந்தன, மெதுவாக.

சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தாலும் இதே கதைதான். "எங்கம்மா மலைக்குப் போயிருச்சு" என்று பிள்ளை சொல்கிறது. புத்தகத்தில் "அம்மா மலைக்குச் சென்றார்" என்று இருக்கிறது. நல்ல ஆசிரியர் முதலில் பிள்ளை சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதுவார். தன் வாயிலிருந்து வந்தது சுவரில் நிற்கிறது, நாளைக்கும் நிற்கும், வேறொருவர் வந்தாலும் அதையே வாசிப்பார் என்று பிள்ளைக்குப் புரியும் கணம் அது. 'போயிருச்சு' எப்படிச் 'சென்றார்' ஆகிறது என்பதை அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் போடி வட்டாரத்தில் நிறைய. குரங்கணிக்கு மேலே முதுவர் குடிகள், மலைச்சரிவில் பளியர் குடிகள். அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத் தமிழ் இரண்டு படி தள்ளி நிற்கிறது. அவர்களிடம் முதல் நாளே 'சென்றார்' என்று தொடங்கினால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரே சரத்தில் எல்லாக் காயும் முற்றாது

ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் கல்வித்துறைக்குப் புரிய வெகுகாலம் ஆனது. செடியின் அடியிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரத்தில் காய்கள் ஒன்றுபோல முற்றுவதில்லை. குனிந்து உட்கார்ந்து, முற்றியதை மட்டும் பறித்துவிட்டு, பிஞ்சை விட்டுவிட வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். அவசரப்பட்டு உருவினால் பிஞ்சும் போகும்.

வகுப்பில் நாம் வெகுகாலம் உருவிக்கொண்டுதான் இருந்தோம். ஒரே நாள், ஒரே பாடம், நாற்பது பிள்ளை. இதை மாற்றப் பெரிய அளவில் முயன்றது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படி, தரையில் உட்காரும் பிள்ளைகள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்திலிருந்து பிள்ளை மேலே போகும். பத்து நாள் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரும். இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தோட்டங்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்கே தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. ஆனாலும் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று அலையும் பிள்ளைக்கு இரண்டு இடத்துப் பாடமும் ஒட்டுவதில்லை.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் 'ஏசர்' ஆய்வு 2005இலிருந்து நடக்கிறது. கையில் ஒரே ஒரு தாள்: சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு பத்தி, ஒரு குட்டிக் கதை. 2022இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்புத் தரக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த எண்ணிக்கையை ஏற்க மறுத்துப் பேசியவர்கள் உண்டு. நான் திண்ணையில் கேட்ட 'கர... டு' அதை ஏற்கச் சொல்கிறது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல் வாசிப்பு பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து தெரியாவிட்டால் அரும்பு. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். 'மக்கு' என்ற சொல் இருந்த இடத்தில் 'அரும்பு' என்ற சொல் வந்திருக்கிறது. அரும்பு என்றால் மலரப் போகிறது என்றுதானே பொருள்.

முறையில் எனக்குக் குறை இல்லை. குறை நேரத்தில் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்பைப் பார்க்கிறார். ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலை. இடையில் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, அந்தப் பட்டியல், இந்தப் பட்டியல். இருபத்தைந்து பிள்ளைகளை ஆளுக்கு மூன்று நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் எழுபத்தைந்து நிமிஷம் ஆகிவிடும். அந்த எழுபத்தைந்து நிமிஷத்தை ஆசிரியருக்குத் தினமும் ஒதுக்கிக் கொடுங்கள், வேறு எந்த வேலையும் அதற்குள் நுழையக்கூடாது என்று ஓர் ஆணை வந்தால், புதிதாக எந்தத் திட்டமும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

பசியைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. நாலரை மணிக்கு அம்மா வைத்துவிட்டுப் போன சோறு எட்டரை மணிக்கு எப்படி இருக்கும்? 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த காலை உணவு, நகரத்தில் ஒரு நலத்திட்டமாகத் தெரியலாம். ஜீப்பு போகும் ஊரில் அது சூடான உப்புமா, கிச்சடி. வயிறு நிறைந்த பிள்ளைதான் கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்கும்.

கேட்கும் காது

கேட்பதற்கு ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எழும்பூரில் ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளி ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுக்க, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் சட்டாம்பிள்ளை முறையின் மறுவடிவம் அது. ராசிங்காபுரத்தில் இன்றும் அம்மா இல்லாத வீட்டில் அஞ்சாம் வகுப்பு அக்காதான் ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு எழுத்தைக் காட்டுகிறாள். அவளிடம் யாராவது இரண்டு நல்ல கதைப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும்.

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யை நான் நேசித்ததும் இதனால்தான். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், அதே தெருவில் படித்த ஒரு பெண், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். சரியாக ஜீப்பு இறங்கி வரும் நேரம் அது. 2023இல் வந்த 'வாசிப்பு இயக்க'த்தின் சின்னப் புத்தகங்களும் அப்படிப்பட்டவர்கள் கையில்தான் உயிர் பெறும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. முதல் படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதிப் படம்.

அப்படி ஒரு 'நுழை' புத்தகத்தை அன்று அந்தப் பையனுக்குக் கொண்டுபோயிருந்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் தெருமுனையில் ஜீப்பு நின்றது. அம்மா வந்தார். உடம்பெல்லாம் ஏலத்தோட்டத்து வாசனை. காலைக்கூடக் கழுவாமல் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, "வாசிடா தங்கம், கேக்குறேன்" என்றார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு எழுத்தாக, விரலை நகர்த்தி. மூன்றாவது பக்கத்தில் அம்மாவின் தலை தொங்கிவிட்டது. அவன் அதைப் பார்த்தான். குரலைக் குறைத்துக்கொண்டான், நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"நீங்க கேட்டுக்கிட்டுத்தான அத்தை இருந்தீங்க?"